தலைக்கணக்கு மட்டும் போதாது!

புதிய ரயில் நிலையமோ, பேருந்து நிலையமோ அமைக்கப்படும்போது அரசின் அறிவிப்பில் தவறாமல் இடம்பெறும் வாசகம் ஒன்று உண்டு. "நாளொன்றுக்கு இத்தனை லட்சம் பயணிகள் பயன்பெறுவர்" என்பதுதான் அது. அடிக்கல் நாட்டு விழாவில் அமைச்சர் அதைச் சொல்வார். திறப்பு விழாவில் வேறோர் அமைச்சர் அதையே திருப்பிச் சொல்வார். அந்த எண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று அடிக்கல் நாட்டும்போது யாரும் கேட்பதில்லை. அது மெய்யானதா என்று திறப்பு விழாவுக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

இந்தக் கேள்வியைத் திருப்பதியை முன்வைத்து எழுப்ப வேண்டிய தருணம் இது. திருப்பதி ரயில் நிலையத்தைச் சுமார் ரூ.300 கோடியில் மறுசீரமைக்கும் பணிக்கு 2022-ம் ஆண்டு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. தண்டவாளங்களின் தெற்கிலும் வடக்கிலுமாக இரு புதிய கட்டடங்கள் என்பது அந்தத் திட்டம். அங்கிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கும் பேருந்து நிலையத்தைப் பல அடுக்குப் பன்முனையமாக மாற்றும் திட்டத்தை, தேசிய நெடுஞ்சாலைத் துறையின் தளவாட மேலாண்மை நிறுவனமும் ஆந்திர மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமும் முன்வைத்துள்ளன. இவற்றுடன், திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி வரையிலான 104 கி.மீ. ஒற்றை ரயில் பாதையை ரூ.1,332 கோடியில் இரட்டைப் பாதையாக்க, 2025 ஏப்ரல் 9-ம் தேதி மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரங்களுக்கான குழு ஒப்புதல் அளித்தது.

இவை மூன்றும் தேவையானவை என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. ஏழுமலையானைத் தரிசிக்க நாள்தோறும் சுமார் 75,000 பேர் வருகின்றனர் என்றும், விசேஷ நாள்களில் இது 1.5 லட்சம் வரை உயர்கிறது என்றும் இரட்டைப் பாதைக்கு ஒப்புதல் அளித்தபோது மத்திய அரசே தெரிவித்தது. ஏறத்தாழ 400 கிராமங்களும், 14 லட்சம் மக்களும் இந்தப் பாதையால் பயன்பெறுவர் என்பதும் அரசின் கணக்கு. இந்த எண்களில் நமக்கு ஐயமில்லை. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிலையத்தைத் திட்டமிட முடியுமா என்பதே நமது கேள்வி.

முதலாவதாக, சராசரி என்பது கூட்டத்தை மறைக்கும் திரை. 75,000 பேரை 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பங்கிட்டால் மணிக்கு 3,125 பேர். எந்த நடைமேடையும் இதைத் தாங்கும். ஆனால், பக்தர்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சமமாகப் பிரிந்து வருவதில்லை. விசேஷ நாளொன்றில் வரும் 1.5 லட்சம் பேரில் பாதிப் பேர் ஆறு மணி நேரத்துக்குள் வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 12,500 பேர் ஆகிறது. அதாவது, சராசரியைப்போல நான்கு மடங்கு. அவர்களில் மூன்றில் ஒருவர் மட்டுமே மலைக்குப் பேருந்தில் ஏறுவார் என்றாலும், பேருந்துக்கு 45 பேர் வீதம் 40 விநாடிக்கு ஒரு பேருந்து புறப்பட்டாக வேண்டும். தரிசனம் முடித்துத் திரும்புபவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

மேலே போகும் கூட்டமும் கீழே இறங்கும் கூட்டமும் ஒன்றல்ல என்பது திருமலைக்கே உரிய இன்னொரு சிக்கல். அலிபிரியிலிருந்தும் ஸ்ரீவாரி மெட்டிலிருந்தும் படியேறி நடந்து செல்வோர் ஏராளம். நேர்த்திக்கடனுக்காக ஏறிய படிகளில் நடந்தே இறங்குவோர் சொற்பம். பெரும்பாலோர் பேருந்தில்தான் திரும்புகின்றனர். வேலூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் மஞ்சள் வேட்டி கட்டிப் பாதயாத்திரையாக வருபவர், வரும்போது எந்தப் பயணச்சீட்டிலும் பதிவாவதில்லை. திரும்பும்போதுதான் அவர் ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் வரிசையில் நிற்கிறார். புரட்டாசி சனிக்கிழமைகளில் தமிழகத்திலிருந்து திரளும் கூட்டத்தையும், பிரம்மோற்சவத்தின் கருடசேவை நாளையும் அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வருகையை மட்டும் எண்ணித் திட்டமிடப்படும் நிலையம், இறங்கிவரும் கூட்டத்தின் முன் திணறத்தான் செய்யும்.

இரண்டாவதாக, ஒரே ஆளைப் பலமுறை எண்ணும் குறை. சென்னையிலிருந்து சப்தகிரி விரைவு ரயிலில் திருப்பதிக்கு வரும் ஒரு குடும்பம் ரயில்வேயின் கணக்கில் வருகிறது. அதே குடும்பம் வெளியே வந்து பேருந்து ஏறினால் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கில் வருகிறது. மலையேறியதும் தேவஸ்தானத்தின் கணக்கிலும் சேர்கிறது. மூன்று அமைப்புகளும் தத்தமது எண்ணைச் சொல்லும்போது ஒரு குடும்பம் மூன்றாகிவிடுகிறது. நிதி கேட்கும் அறிக்கையில் இது வசதியாக இருக்கலாம். நடைமேம்பாலத்தின் அகலத்தைத் தீர்மானிக்க உதவாது. அதற்குத் தேவையானது, மொத்தத்தில் எத்தனை பேர் என்பதல்ல. ரயிலிலிருந்து இறங்கியவர்களில் எத்தனை பேர், எந்த வாசல் வழியாக, எந்தப் பேருந்தை நோக்கி நடக்கிறார்கள் என்பதுதான்.

தலைநகரிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2024 நவம்பர் 18-ம் தேதி தில்லி மெட்ரோவில் 78.67 லட்சம் பயணங்கள் பதிவானதாக அந்த நிறுவனம் பெருமிதத்துடன் அறிவித்தது. ஒரு பயணி எத்தனை தடங்களைப் பயன்படுத்துகிறாரோ அத்தனை பயணங்களாகக் கணக்கிடுவது அந்த நிறுவனத்தின் முறை. வீட்டிலிருந்து அலுவலகம் செல்ல மூன்று தடங்கள் மாறும் ஒருவர் மூன்று பயணங்களாகிறார். எந்தத் தடத்தில் எவ்வளவு நெரிசல் என்பதை அறிய இது சரியான முறை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், 78 லட்சம் பேர் மெட்ரோவில் சென்றனர் என்று அதை வாசிப்பது பிழை. எண் பொய் சொல்வதில்லை; எதை எண்ணினோம் என்பதைச் சொல்லாமல் விடும்போது அது பொய்யாகிவிடுகிறது.

எதிர்பார்க்கப்படும் பயணிகள் எண்ணிக்கை மிகையாக இருப்பது இந்தியாவுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. 14 நாடுகளைச் சேர்ந்த 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து டென்மார்க் அறிஞர் பெண்ட் ஃப்ளூபியர்க் தலைமையிலான குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வு, ரயில் திட்டங்களில் பத்தில் ஒன்பது மிகையான மதிப்பீட்டின் மீது எழுப்பப்பட்டவை என்று கண்டது. சராசரியாகப் பார்த்தால், வந்த பயணிகளைப்போல இரு மடங்குக்கும் மேலானவர்கள் வருவார்கள் என்று அந்தத் திட்டங்களில் சொல்லப்பட்டிருந்தது. மிகையாகச் சொன்னால்தான் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் என்ற நிலை இருக்கும்வரை, மதிப்பீடு செய்பவர் உண்மையைச் சொல்வதற்கு என்ன தூண்டுதல் இருக்கும்?

நமது நாடாளுமன்றமும் இதைக் கவனிக்காமல் இல்லை. மெட்ரோ திட்டங்களை ஆராய்ந்து வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்களுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 ஜூலையில் அளித்த அறிக்கை, பல நகரங்களில் பயணிகள் எண்ணிக்கை வரவும் செலவும் சமமாகத் தேவையான அளவைவிட வெகுவாகக் குறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. கொரோனா கால முடக்கம் அதற்கு ஒரு காரணம். ஆனால், வீட்டிலிருந்து நிலையத்துக்கும் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கும் செல்ல இணைப்பு வசதி இல்லாததையும் குழு காரணமாகக் குறிப்பிட்டது. நிலையத்தின் இருபுறமும் ஐந்து கி.மீ. சுற்றளவுக்கு இணைப்புப் போக்குவரத்து இருக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் தேசிய மெட்ரோ ரயில் கொள்கை ஏற்கெனவே வலியுறுத்தியிருந்தது. கொள்கை ஏட்டில் இருந்தது. இணைப்புப் பேருந்து சாலையில் இல்லை.

தமிழகத்தின் அனுபவமும் இதையேதான் சொல்கிறது. கோயம்பேடு பேருந்து நிலையம் 2002 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் வாசலுக்கு மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது 2015 ஜூனில். இடைப்பட்ட ஏறத்தாழ பன்னிரண்டரை ஆண்டுகள், தென் மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தனர். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டோமா என்றால், இல்லை. 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. எதிரிலேயே சென்னை - செங்கல்பட்டு புறநகர் ரயில் பாதை. ஆனால், இறங்குவதற்கு அங்கே ரயில் நிலையம் இருக்கவில்லை. பயணிகள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ சென்றுதான் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. பயணிகள் எண்ணிக்கையை மதிப்பிட்டவர்கள் தவறவில்லை, மக்கள் வந்தார்கள். முனையத்திலிருந்து அவர்கள் எப்படி வீடு போய்ச் சேர்வார்கள் என்பதைத்தான் யாரும் உரிய காலத்தில் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாவது குறை இவற்றையெல்லாம்விட முக்கியமானது. திருப்பதி என்றதும் திட்டமிடுவோர் கண்முன் நிற்பவர் யாத்ரீகர் மட்டுமே. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அவருக்காக நிலையம் எழுப்பப்படுகிறது. ஆண்டு முழுவதும் வந்துபோகும் சித்தூர்க்காரர் கணக்கில் விடுபட்டுப்போகிறார். 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமானது. ஆனால், அரசு ஆணையால் மக்களின் அன்றாடப் போக்குவரத்தைப் பிரித்துவிட முடியாது. ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், ரூயா மருத்துவமனையும், ஸ்விம்ஸ் மருத்துவ நிலையமும் திருப்பதியில்தான் இருக்கின்றன. மாணவரும் நோயாளியும் சித்தூர், பாகாலா, சந்திரகிரி பகுதிகளிலிருந்து அங்கேதான் வந்தாக வேண்டும். எதிர்த்திசையில், வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நாடிக் காட்பாடிக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

இந்த மக்களுக்கு ஒற்றைப் பாதை என்பது எதிர்வண்டிக்கு வழிவிட்டுக் காத்துக் கிடப்பதுதான். விரைவு ரயில் கடந்துபோகும்வரை சாதாரணப் பயணிகள் ரயில் ஏதாவதொரு சிறு நிலையத்தில் நிற்கும். காலம் தவறும் ரயிலை நம்பிக் கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ போக முடியாது என்பதால் அவர்கள் பேருந்தை நாடுகின்றனர். ரயிலில் கூட்டம் குறைவு என்று ஏட்டில் பதிவாகிறது. கூடுதல் ரயிலோ, நிறுத்தமோ வேண்டும் என்று உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் கேட்கும்போது, இயக்க வசதி, போதிய பயணிகள் எண்ணிக்கை, நிதி ஆதாரம் ஆகியவற்றைப் பொறுத்து முடிவெடுக்கப்படும் என்ற பதில் தவறாமல் வருகிறது. ரயில் சரியாக ஓடாததால் பயணிகள் இல்லை. பயணிகள் இல்லாததால் கூடுதல் ரயில் இல்லை. இன்றைக்கு ஏறுகிறவர்களை மட்டும் எண்ணினால் இந்த வட்டத்திலிருந்து வெளிவர முடியாது. வசதி இருந்தால் ஏறக்கூடியவர்களையும் எண்ண வேண்டும்.

கட்டணமும் இந்தக் கணக்கை மாற்றிவிடும். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசு 'ஸ்திரீ சக்தி' திட்டத்தின்கீழ் சாதாரண, எக்ஸ்பிரஸ் வகைப் பேருந்துகளில் அந்த மாநிலப் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன்பு தயாரிக்கப்பட்ட எந்தப் பேருந்து நிலைய மதிப்பீடும் அந்த ஆணையுடன் பழையதாகிவிட்டது. தில்லியில் 2011-ல் தொடங்கப்பட்ட விமான நிலைய விரைவு மெட்ரோ, எதிர்பார்த்த பயணிகள் வராத நிலையில் தனியார் நிறுவனத்திடமிருந்து 2013-ல் தில்லி மெட்ரோ நிறுவனத்தின் கைக்கு வந்தது. பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டதும் பயணிகள் அதிகரித்தனர். பாதையும் நிலையமும் அவையேதான். மாறியது கட்டணம் மட்டுமே. ஒருமுறை தயாரித்த மதிப்பீட்டைப் பத்தாண்டு காலம் வேதவாக்காகக் கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மதிப்பீடு பிழையானால் நஷ்டம் பணத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்த காலம் போய்விட்டது. 2025 ஜனவரி 8-ம் தேதி இரவு, திருப்பதியில் வைகுண்டவாசல் தரிசனத்துக்கான சீட்டு வழங்கும் மையங்களில் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் உயிரிழந்தனர். அடுத்த மாதம் 15-ம் தேதி இரவு, கும்பமேளாவுக்குச் செல்லத் திரண்ட கூட்டத்தால் புது தில்லி ரயில் நிலையத்தில் ஏற்பட்ட நெரிசலில் 18 பேர் மாண்டனர். இரண்டு இடங்களிலும் அன்றைய நாளின் மொத்தக் கூட்டம் உயிரைப் பறிக்கவில்லை. குறிப்பிட்ட சில நிமிடங்களில், ஒரு வாசலில், ஒரு படிக்கட்டில் சேர்ந்த கூட்டம்தான் பறித்தது. ஒரு பெட்டிக்கு இத்தனை பேர்தான் என்று வரையறுக்க வேண்டும் என்கிறது ரயில்வே சட்டத்தின் 57-வது பிரிவு. அப்படியிருக்க, அளவுக்கு மீறிப் பயணச்சீட்டு விற்கப்பட்டது ஏன் என்று தில்லி உயர் நீதிமன்றம் கேட்டது. அதன் பிறகே, நெரிசல் மிகுந்த நிலையங்களில் பயணிகள் காத்திருப்புக் கூடங்களை நிரந்தரமாக அமைக்கும் முடிவுக்கு ரயில்வே அமைச்சகம் வந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அந்த நிலை இன்னொரு முறை வரக் கூடாது.

இதில் திருப்பதிக்கு வேறெந்த நகருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. மற்ற ஊர்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று ஊகிக்க வேண்டும். திருப்பதியில் பெருமளவுக்கு அது முன்கூட்டியே தெரியும். ரூ.300 சிறப்பு தரிசனச் சீட்டுகளைத் தேவஸ்தானம் மூன்று மாதங்களுக்கு முன்பே இணையத்தில் வழங்குகிறது. எந்தத் தேதியில், எந்த நேரத்துக்கு, எத்தனை பேர் என்ற விவரம் அதன் கைவசம் இருக்கிறது. இலவச தரிசனத்துக்கான நேர ஒதுக்கீட்டுச் சீட்டுகளும் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விஷ்ணு நிவாசத்திலும், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்ரீநிவாசத்திலும், அலிபிரியில் உள்ள பூதேவி வளாகத்திலும் வழங்கப்படுகின்றன. அதாவது, திருப்பதியின் கூட்டத்தை நிர்ணயிப்பது ரயில்களின் கால அட்டவணை அல்ல. தேவஸ்தானத்தின் தரிசன அட்டவணை. அதைப் பார்க்காமல் ரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் தனித்தனியே மதிப்பீடு தயாரிப்பது, பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் முகூர்த்தம் குறிப்பதற்கு ஒப்பானது.

தடையாக நிற்பது நிர்வாக எல்லைகள்தாம். திருப்பதி நிலையம் குந்தக்கல் ரயில்வே கோட்டத்தைச் சேர்ந்தது. இரட்டைப் பாதையின் மறுமுனையான காட்பாடி, தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. பேருந்து நிலையம் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் வசம். இடையிலுள்ள சாலை மாநகராட்சியின் வசம். மலைப்பாதை தேவஸ்தானத்தின் வசம். தமிழக அரசுப் பேருந்துகள் இவற்றில் எதிலும் அடங்காத தனிக்கணக்கு. பயணிக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. அவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

எனவே, செய்ய வேண்டியவை தெளிவானவை. ரயில்வே, ஆந்திரப் போக்குவரத்துக் கழகம், தேவஸ்தானம், மாநகராட்சி ஆகிய நான்கும் அமர்ந்து ஒரே மதிப்பீட்டைத் தயாரிக்க வேண்டும். தமிழகப் போக்குவரத்துக் கழகங்களையும் தெற்கு ரயில்வேயையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாள் சராசரியாக இல்லாமல், உச்ச நாளின் உச்ச மணி நேரத்தை வைத்து, வருவோர், திரும்புவோர், அன்றாடப் பயணிகள் என்று அது பிரிக்கப்பட வேண்டும். பேருந்துப் பன்முனையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே, முதியவரும் குழந்தையுடன் வருபவரும் சாலையில் இறங்காமல் நடந்து செல்ல வழி இருக்க வேண்டும்; கட்டடம் திறக்கப்படும் அதே நாளில் அந்த வழியும் திறக்கப்பட வேண்டும். இரட்டைப் பாதை முடிந்ததும் கிடைக்கும் கூடுதல் வசதியில், சித்தூருக்கும் திருப்பதிக்கும் காட்பாடிக்கும் இடையே காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் ஓடும் உள்ளூர் ரயில்களுக்கு உரிய பங்கை இப்போதே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். இல்லையேல், தொலைதூர ரயில்களும் சரக்கு ரயில்களுமே அதை எடுத்துக்கொள்ளும். பாகாலாவிலும் பூதலப்பட்டிலும் காத்திருப்பவர் முன்போலவே காத்திருப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மதிப்பீட்டை மக்கள் முன் வைக்க வேண்டும். நிலையம் திறந்து ஓராண்டு ஆனதும், எதிர்பார்த்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்ற ஒப்பீட்டை நாடாளுமன்றத்திலும் சட்டப்பேரவையிலும் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் தணிக்கை உண்டு. எந்த எண்ணைக் காட்டி அந்த ரூபாய் பெறப்பட்டதோ, அந்த எண்ணுக்கு மட்டும் தணிக்கை இல்லை என்பது விநோதம். திரும்பிப் பார்க்கப்படும் என்ற அச்சம் இருந்தால் மட்டுமே, மதிப்பீடு செய்பவரின் பேனா நிதானமாக எழுதும்.

ஏழுமலையானின் உண்டியலில் விழும் ஒவ்வொரு நாணயத்தையும் பரகாமணியில் அமர்ந்து கவனமாக எண்ணும் ஊர் திருப்பதி. காணிக்கைக்குக் காட்டும் அந்தக் கவனத்தை, அதைக் கொண்டுவருகிற மனிதருக்கும், ஆண்டு முழுவதும் அவருக்கு வழிவிட்டுக் காத்திருக்கும் சித்தூர்க்காரருக்கும் காட்டினால் போதும்.